வாய்க்கால் மேல் விழுந்த முத்திரை

போன மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகும் நேரத்தில், பழைய அலுவலகத்திலிருந்து ஓர் இளம் சுகாதார ஆய்வாளர் போன் செய்தார். புதுச்சேரியில் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் யாராவது வயலை மனைகளாகப் பிரிக்க விண்ணப்பித்தால், சுகாதாரத் துறை ஆள் மழைக்காலத்தில் ஒரு முறை அந்த இடத்தில் கால் வைத்துவிட்டுத்தான் கருத்து எழுத வேண்டும் என்று இப்போது ஆகியிருக்கிறது. இதைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் சொல்லும்போது என் பெயரையும் சொன்னார்களாம்.

"சார், இத மொதல்ல ஆரம்பிச்சது நீங்கதானாமே? எப்படி சார் அந்த யோசனை வந்துச்சு?"

யோசனையாம்! எனக்கு வந்தது பயம். அந்தப் பயத்தில் ஓடிய ஓட்டத்தை யாரோ தூரத்திலிருந்து பார்த்து, "ஆள் முன்னோடியாகப் போகிறார்" என்று நினைத்துக்கொண்டார்கள். முட்டிவலியைக் காரணம் காட்டி ஐம்பத்தாறு வயதிலேயே விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இனி எனக்குப் பதவி உயர்வும் இல்லை, இடமாற்றமும் இல்லை. ஆகவே தைரியமாக உண்மையைச் சொல்லலாம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று வித்தைகள் கற்றேன். தேங்கிய தண்ணீரில் கரண்டியை விட்டுக் கொசுப்புழு எண்ணுவது, குழாய் வாயைத் தீயில் வாட்டிவிட்டுப் பரிசோதனைக்குத் தண்ணீர் பிடிப்பது, மேலதிகாரி பேசும்போது டைரியில் மும்முரமாக எழுதுவதுபோல் உட்கார்ந்திருப்பது. மூன்றாவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு நான்காவதாக ஒன்று கற்றேன். அதுதான் தடையில்லாச் சான்று கொடுப்பது. எல்லோரும் என்.ஓ.சி என்போம். வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவே வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த காலம். ஒரு கோப்பு எல்லா மேசைகளையும் சுற்றிவிட்டுக் கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று, சுகாதாரத் துறைக்கு வரும். எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு எனக்கு மட்டும் என்ன ஆட்சேபணை? அதற்கென்றே ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தேன். 'சுகாதாரத் துறைக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஊதா மையில் விழும். கீழே என் கையெழுத்து. அதன் கடைசியில் ஒரு சுழி சுழித்து மேலே இழுப்பேன், பட்டத்தின் வால் மாதிரி. பார்ப்பவர்கள் பெரிய அதிகாரி என்று நினைக்க வேண்டும் அல்லவா?

இடம் பார்க்கப் போவது சித்திரை, வைகாசியில்தான். அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தோம். வயல் காய்ந்திருக்கும், வண்டி போகும், செருப்பில் சேறு ஒட்டாது. இருபது வருடம் இப்படித்தான் பார்த்தோம். தண்ணீர் இல்லாத நாளில் போய், தண்ணீர் எங்கே போகும் என்று பார்த்தோம். இதில் ஒரு தப்பு இருப்பதாக எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

அப்படி ஒரு சித்திரையில் கோதண்டம் என்னைக் காரில் அழைத்துப் போனார். வில்லியனூர் கடைவீதியில் இரும்பும் சிமெண்டும் விற்பவர். அப்போது மனை வியாபாரமும் தொடங்கியிருந்தார். நல்ல மனுஷர், காரில் ஏ.சி. நன்றாக வேலை செய்தது. வரப்போரம் காரை நிறுத்தினார்.

"எறங்கிப் பாக்கறீங்களா சார்?"

"இந்த வெயில்லயா? அதான் தெரியுதே."

கண்ணாடிக்கு வெளியே சமமான ஒரு நிலம். உளுந்து பிடுங்கிய பிறகு காய்ந்த சருகு கிடந்தது. வரைபடத்தை மடியில் விரித்தேன். சர்வே எண்ணும் நெருக்கி நெருக்கிப் போட்ட மனைகளும்தான். முத்திரை குத்த இடமே இல்லை. வடகிழக்கு மூலையில் கொஞ்சம் காலியாகத் தெரிந்தது. குத்தினேன். சுழித்தேன். இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அடுத்தடுத்த வருடங்களில் அங்கே வீடுகள் வந்தன. வேறு பக்கத்திலிருந்து தார்ச் சாலை வந்தது. கோதண்டத்தின் அம்மா பெயரில் 'பூங்காவனம் நகர்' என்று வளைவு வந்தது. இவ்வளவும் வந்தபின் அது நான் காரிலிருந்து பார்த்த உளுந்துக் காடுதான் என்று எனக்குத் தெரியாமலே போயிற்று.

ஒரு கார்த்திகை மாதம், நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை எங்கள் கிராமச் செவிலியர் ஸ்டெல்லா போன் செய்தார்.

"சார், பூங்காவனம் நகர்ல பேதி சார். நேத்து நாலு பேரு. இன்னிக்கு விடிஞ்சதிலேர்ந்து ஏழு."

ஓடினேன். தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். செப்டிக் டேங்க் மூடிகள் தண்ணீருக்குள் இருந்தன. எது சாலை, எது சாக்கடை என்று அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியவில்லை. ஒரு வீட்டு வாசலில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். பெயர் அமுதா. புருஷன் கொத்தனார். இரண்டு பேரும் சேர்ந்து, ஆள் வைக்காமல், தாங்களே கட்டிய வீடு அது.

"இன்னா சார், இப்பதான் வழி தெரிஞ்சிதா? எம் பொண்ணு நேத்து சாயங்காலத்திலேர்ந்து ஆஸ்பத்திரில கீறா. டிரிப்சு ஏறிகினு கீது. ரெண்டாவது படிக்கிற புள்ள சார். கண்ணு உள்ள போயிடுச்சி."

அவள் வீட்டுக் குழாயில் பரிசோதனைக் குழலைப் பிடித்து மருந்து விட்டேன். குளோரின் இருந்தால் மஞ்சளாக மாற வேண்டும். மாறவில்லை, நிறமில்லாத வெறும் தண்ணீராகவே நின்றது. அடுத்து சின்னப் பாட்டிலில் கோடு வரை பிடித்து மூடினேன். உள்ளே ஒரு மருந்துக் காகிதம் இருக்கும். தண்ணீரில் மலம் கலந்திருந்தால் மறுநாளைக்குள் கருத்துப்போகும்.

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வீரம் வந்துவிடும். அது ஒரு வியாதி.

"இந்தப் பள்ளத்துக்கு எவன்மா என்.ஓ.சி குடுத்தான்? கண்ணு தெரியாதவனா அவன்?"

"யாரோ பெரிய ஆபீசரு போட்டுகிறாரு சார்," என்றாள் அமுதா. "ஜெராக்ஸ் குடுத்தாங்க. அதப் பாத்துதான நாங்க மனையே வாங்கனோம். பெட்டில வெச்சிகிறேன்."

"அந்த ஆளக் கூட்டியாந்து இந்தத் தண்ணில ஒரு நாள் நிக்க வைக்கணும்!"

"நல்லா கேளுங்க சார்!" என்று பின்னால் ஒருவர் கை தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றபடி இன்னும் பத்து நிமிடம் அந்த ஆளைத் திட்டினேன். அவன் படிப்பைத் திட்டினேன், அவனுக்கு வேலை கொடுத்தவர்களைத் திட்டினேன். நல்லவேளை, குலத்தை விட்டுவிட்டேன்.

மதியம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் மருத்துவ அதிகாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருநாளும் குரல் உயர்த்த மாட்டார். என்னை 'சார்' என்று கூப்பிட்டால் எல்லாம் சுமுகம். 'ஐயா' என்று கூப்பிட்டால், கம்பவுண்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிடுவார்.

கொம்யூன் அலுவலகத்திலிருந்து பூங்காவனம் நகர் கோப்பை வரவழைத்திருந்தார். வரைபடத்தை மேசையில் விரித்தார். கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தார். அவர் வழக்கம் அது. வியாதிக்காரர் இருக்கும் வீட்டில் ஒரு பொட்டு. காய்ச்சலுக்குப் பச்சை, பேதிக்குச் சிவப்பு. "குண்டூசி கேட்டு மூணு தடவ எழுதிட்டேன். பொட்டுன்னா நானே வாங்கிக்கலாம்," என்பார்.

நான் மனை எண்ணைப் படிக்கப் படிக்க அவர் ஒட்டினார். மொத்தம் பதினொன்று. ஒட்டி முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சார், தெரு எந்தத் திசையில போகுது?"

"கிழக்கு மேற்கா மேடம்."

"பொட்டு?"

பார்த்தேன். பொட்டுகள் தெருவோடு போகவில்லை. தெருக்களைக் குறுக்கே வெட்டி, ஒரு வீட்டின் கொல்லை, அடுத்த வீட்டின் வாசல் என்று வளைந்து போயின. நடுவே ஐந்து வீடுகளில் நெருக்கமாக. அமுதா வீடு அதில் மூன்றாவது. அந்த வரிசையின் கடைசியில் நகருக்குத் தண்ணீர் எடுக்கும் போர்வெல். எனக்கு முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்டதுபோல் இருந்தது. நோய் ஒரு கோடு கிழித்துக்கொண்டு போவதை அதுவரை நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா பென்சிலை எடுத்தார். பொட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பின்னோக்கிப் போனார். வரைபடத்தின் வடகிழக்கு மூலையில் பென்சில் நின்றது.

"இங்க ஏதோ சின்னதா எழுதியிருக்கு. மேல முத்திரை விழுந்து மறைக்குது."

காகிதத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஊதா மைக்கு அடியில் ஒரு புள்ளிக்கோடு. பக்கத்தில் எறும்பு எழுத்தில் இரண்டு சொற்கள். எழுந்து போய்ப் படித்தேன்.

"பாசன வாய்க்கால்."

"சரி. இப்ப முத்திரையில என்ன இருக்குன்னு படிங்க, ஐயா."

கம்பவுண்டர் கதவைச் சாத்திவிட்டார்.

படித்தேன். ஆட்சேபணை இல்லை. கீழே பட்டத்தின் வால் ஆகாயத்தைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. நிலத்தில் வாய்க்காலைத் தூர்த்தவர் கோதண்டம். காகிதத்தில் தூர்த்தவன் நான். வரைந்தவர் எங்கோ ஒரு மூலையில், பயந்து பயந்து, ஒரே ஓர் அடையாளம் வைத்திருக்கிறார். அதைத் தேடிப் பிடித்து அதன் மேலேயே குத்தியிருக்கிறேன்.

அடுத்த அரை நிமிடத்தில் என் மூளை ஓடிய வேகம் சொல்லி மாளாது. வரைபடத்தை வாயில் போட்டு விழுங்கிவிடலாமா? பெரிய காகிதம், முடியாது. மயக்கம் போடலாமா? டாக்டர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆந்திரப் பக்கம் இருக்கும் ஏனாமுக்கு இடமாற்றம் கேட்கலாமா? புதுச்சேரி அரசு ஊழியனுக்கு அதுதான் கடைசிப் புகலிடம். எனக்குத் தெலுங்கு தெரியாது. அவர்களும் என்னைத் திட்டினால் எனக்குப் புரியாது. அந்த நிமிடம் அது பெரிய வசதியாகத் தோன்றியது.

டாக்டரம்மா திட்டவில்லை. அன்று திட்டியிருந்தால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். "இன்னிக்குப் போர நிறுத்துங்க. லாரித் தண்ணி, குளோரின், வீட்டுக்கு வீடு உப்புச் சர்க்கரைக் கரைசல். அத முடிங்க," என்றார். பிறகு சொன்னார்: "கோதண்டத்தோட ரெண்டாம் பகுதிக் கோப்பு உங்க மேசையில இருக்கு. அதே நிலத்துக்குக் கிழக்கால. எப்ப இடம் பாக்கப் போறீங்க?"

வாய் தன் பழக்கத்தில் "சித்திரையில மேடம்" என்று சொல்லிவிட்டது.

டாக்டரம்மா தன் குடையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

மறுநாள் காலை, மேசை மேல் வைத்த பாட்டில் டிகாக்‌ஷன் மாதிரி கருத்திருந்தது. அதைப் பார்த்த கண்ணோடு கொம்யூன் ஆட்கள் இரண்டு பேரையும் ஒரு மண்வெட்டியையும் ஒரு பக்கெட்டையும் கூட்டிக்கொண்டு இரண்டாம் பகுதிக்குப் போனேன். செய்ய வேண்டியது சுலபம். செப்டிக் டேங்க் தண்ணீரைப் பூமி குடிக்குமா என்று தெரிய வேண்டும். இடுப்பளவுக் குழி வெட்டி, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கடிகாரம் பார்க்க வேண்டும். புத்தகத்தில் படித்திருந்தேன். செய்தது அன்றுதான் முதல் தடவை.

மேற்குப் பக்கம் மேட்டில் வெட்டிய குழியில் தண்ணீர் மெல்ல இறங்கியது. கிழக்குப் பக்கம் முழங்கால் ஆழம் வெட்டும்போதே அடியிலிருந்து தண்ணீர் ஊறி மேலே வந்தது. பக்கெட் தண்ணீர் பக்கெட்டிலேயே இருந்தது.

"சார், ஊத்தட்டா?" என்றார் மண்வெட்டிக்காரர்.

"எங்கய்யா ஊத்தறது? அதுவே நமக்கு ஊத்துது."

அப்போது வரப்பு மேல் அமுதா வந்தாள். மகளுக்குத் தெளிந்துவிட்டது, இன்னும் இரண்டு நாளில் அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னாள். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே பட்டாவோடு சேர்த்து அந்த ஜெராக்ஸ்.

"நேத்து கேட்டீங்களே சார், எவன் குடுத்தான்னு. இந்தாங்க. படிச்சி சொல்லுங்க, இன்னா பேருன்னு. எங்களுக்குப் புரியல, சும்மா கோணக்க மாணக்கன்னு கீது."

உறையைக் கையில் வாங்கினேன். பட்டத்தின் வால். அதை அவள் பட்டாவோடு வைத்திருக்கிறாள். நான் இளநீர் குடிக்கும் அவசரத்தில் போட்ட சுழியைப் பார்த்து ஒரு குடும்பம் வீடு கட்டியிருக்கிறது.

"மழைல மை பரவிடுச்சிம்மா. தெரியல," என்றேன். உறைக்குள் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

அவள் உறையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். மடியில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் கொம்யூன் அலுவலகத்தில் இரண்டாம் பகுதி பற்றிக் கூட்டம். ஆணையர், டாக்டரம்மா, கோதண்டம், நகர்க்காரர்கள் கொஞ்சம் பேர். அமுதா ஜன்னலோரம் நின்றாள். என் கருத்தைப் படித்தேன். கிழக்குப் பக்கம் பழைய வாய்க்கால் போகிறது, அங்கே வீடு கூடாது, கட்டினால் அங்கே நிற்கிற தண்ணீரும் முதல் பகுதிக்குள் ஏறும், சுகாதாரத் துறை ஆட்சேபிக்கிறது.

கோதண்டம் எழுந்தார். கோபமே இல்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்.

"சார், மொத பாகத்துக்கு ஆட்சேபண இல்லன்னு குத்துனது யாரு? நீங்கதான? அதே மண்ணு, அதே மழ, அதே ஆளு. இன்னா சார் மாறிப்போச்சி?"

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் தன் டைரியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். உண்மையிலேயே எழுதினார்.

முதல் பகுதி சரிதான் என்று சொன்னால் இரண்டாம் பகுதிக்கும் கையெழுத்துப் போட வேண்டும். தப்பு என்று சொன்னால் அது என் தப்பு. கையிலிருந்த தாளை மேசையில் வைத்தேன்.

"நான்தான் குத்துனேன்," என்றேன். "காரை விட்டு எறங்கல. கண்ணாடி வழியாப் பாத்துட்டுக் குத்துனேன். அது தப்பு. அத எழுத்துலயும் குடுக்கறேன்."

கோதண்டம் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வியாபாரி அல்லவா, உடனே சமாளித்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கம்மா. வாய்க்கால்ல வூடு கூடாதாம். அப்ப ஒன் வூடும் கூடாதுதான? மொதல்ல யாரு வூட்ட இடிப்பாங்கன்னு சார கேளு."

அமுதா என்னிடம் நடந்து வந்தாள்.

"மழைல மை பரவிடுச்சின்னியே."

நான் மேசையிலிருந்த தாளை எடுத்து மடித்தேன்.

"ஏன்யா, அன்னிக்கு ஒரு நிமிசம் எறங்கியிருந்தா இன்னா? காலு தேஞ்சா போயிருக்கும்? நாங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கட்டுன வூடுய்யா அது. ஊரான் வூட்ட ஆறு நாளு கட்டிட்டு, ஏழாவது நாளு எங்க வூட்ட கட்னோம்." அழவில்லை. "சரி, இப்ப சொல்லு. அங்க எம் பொண்ண வெச்சிகினு இருக்கலாமா, கூடாதா? வாயால வேணாம். எழுதிக் குடு."

இருபத்தெட்டு வருட வேலையில் நான் எழுதியதிலேயே சின்னக் குறிப்பு அதுதான். 'வாய்க்கால் மேல் உள்ள ஐந்து வீடுகளில் குடியிருக்கக் கூடாது.' முத்திரை குத்தவில்லை. சுழிக்கவில்லை. பெயரை எழுத்து எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுதினேன். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். இந்த முறை பெயர் புரிந்தது.

டாக்டரம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். மேற்குப் பக்கத்து மேட்டில் மனை போடலாம், அதற்குச் சுகாதாரத் துறை தடை சொல்லாது. ஆனால் மூன்று நிபந்தனை. அந்த மேட்டில் ஐந்து மனை இந்த ஐந்து குடும்பத்துக்கு, வீட்டுச் செலவோடு. போர் அங்கே மாற வேண்டும். வாய்க்கால் மறுபடி வாய்க்காலாக வேண்டும். "ஊசி மருந்தெல்லாம் அப்புறம் ஐயா," என்றார் கோதண்டத்தைப் பார்த்து. "தண்ணி எங்க போகுது, கக்கூஸ் எங்க போகுது, குடிக்கிறது எங்கேருந்து வருது, இந்த மூணையும் மனை பிரிக்கிறதுக்கு முன்னாடி கேட்டா எனக்கு ஆஸ்பத்திரியில பாதி வேலை இல்ல."

அவர் கோதண்டத்தை 'ஐயா' என்றதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கோதண்டம் உடனே ஒப்புக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். ஒன்றரை வருடம் இழுத்தது. நடுவில் எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது, நான் எழுதிக் கொடுத்ததையே ஆதாரமாகக் காட்டி. பதிலில் காரின் ஏ.சி.யைப் பற்றி மட்டும் எழுதவில்லை. இன்னொரு மழைக்காலம் வந்தது. அந்த இரண்டு மாதமும் ஐந்து குடும்பங்களும் பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் இருந்தன. நான் தினமும் காலையில் அங்கே தண்ணீர் சோதிக்கப் போவேன். அமுதா குடத்தை முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கடைசியில் மேட்டில் மனை கிடைத்தது. பழைய வீட்டை இடிக்க வேண்டிய நாள் வந்தது. மற்ற நான்கு வீட்டுக்கும் இயந்திரம் வந்து ஒரே தள்ளில் தள்ளிவிட்டது. அமுதாவின் புருஷன் மட்டும் இயந்திரத்தை விடவில்லை. தான் கட்டியதைத் தானே பிரிக்கிறேன் என்று மேலே ஏறிச் செங்கல் செங்கலாகப் பெயர்த்துக் கீழே கொடுத்தார். அமுதா தரையில் உட்கார்ந்து கொத்துக்கரண்டியால் ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். புது வீட்டுக்கு அந்தக் கல்லே போதுமாம்.

நான் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போயிருந்தேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆய்வுக்கு வந்தவன் போல நின்றேன். வெகுநேரம் அவள் கண்டுகொள்ளவில்லை. பிறகு நிமிராமலே இன்னொரு கரண்டியைத் தூக்கி என் காலடியில் போட்டாள்.

"நின்னு பாத்தது போதும். குந்து. கல்ல தட்டு."

வெள்ளைப் பேண்ட்டோடு செம்மண்ணில் உட்கார்ந்தேன். முட்டி அலறியது. முதல் கல்லைத் தட்டியதில் சிமெண்டுக்குப் பதில் கல் உடைந்தது. மேலிருந்து அவள் புருஷன் சிரித்தார். இரண்டாவது பிழைத்தது. பொழுது சாயும் வரை தட்டினேன். விரல்களில் தோல் போயிற்று. என் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அடுக்கு சேர்ந்தது. எனக்கே கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அமுதா எழுந்து வந்தாள். என் அடுக்கிலிருந்து கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, நான்கு பக்கமும் திருப்பி, விரலால் தடவிப் பார்த்துத் தன் அடுக்கில் சேர்த்தாள். அவசரமே இல்லை. கடைசியில் மூன்று கல்லை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இதுல ஒட்டிகினு கீது பாரு. மறுபடி தட்டு."